ரிட்டர்ன் சப்ளை

எல்.சி. வாங்கியாச்சு, ஏறுடா என்றார் வேடியப்பன்.
ஏறினேன்.
ஆனி மாதம். காவேரிப்பட்டணம் தாண்டி
மாங்கூழ் ஆலைக்குப் போகிற லைன்.
கீழே வரிசை கட்டி நின்ற டிராக்டர்களில் கிளிமூக்கு மாங்காய்,
கம்பத்து உச்சிவரை ஈ.

எங்கள் தொழிலில் முதல் பாடம்:
செத்த கம்பியானாலும் உள்ளங்கையால் தொடாதே,
பிடித்துக்கொள்ளும், விடாது.
புறங்கையால் தொடு.
சுருங்குகிற விரல் உன் பக்கமே வரும்.

தொட்டேன்.
ஆலைக்குள் யாரோ ஜெனரேட்டரைப் போட்டிருந்தார்கள்,
மெயினை இறக்காமல்.

நான் யோசிக்கவில்லை.
கை தானே உதறிக்கொண்டது.
அந்த உதறல் கரண்டிலிருந்து என்னைப் பிடுங்கி
இருபத்தைந்தடி கீழே
வரப்பின்மேல் எறிந்தது.
பெல்ட்டா?
ஒப்பந்தக் கூலிக்காரன் பெல்ட் கேட்டதுண்டு,
மூன்று முறை.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரி, பத்தொன்பதாம் கட்டில்.
எக்ஸ்ரே கவரின் பின்பக்கம்
பேனாவால் வரைந்து காட்டினாள் தெரபிஸ்ட் ஷாகிரா:
சுண்டுவிரல் தடிமன்தான் தண்டுவடம்.
முதுகு முழுக்க ஓடுவதுமில்லை,
இடுப்புக்குச் சற்று மேலேயே தீர்ந்துபோகிறது.
அதற்கப்புறம் குதிரைவால் மாதிரி நரம்புக் கற்றை.
மொத்தம் முப்பத்தொரு ஜோடிக் கிளை.
பின்வேர் சேதி கொண்டுவரும்,
முன்வேர் கட்டளை கொண்டுபோகும்.
உங்களுக்கு நொறுங்கியது மார்பு முள்ளெலும்பில் பத்தாவது.

புரிந்தது.
ஃபீடர் நடுவில் அறுந்திருக்கிறது.
தொப்புள்வரை நதியா கிள்ளினால் வலிக்கும்.
அதற்குக் கீழே
வேறு யாருடையவோ கால்கள்.

ஆறு வாரம் அவை வேகவைத்த கிழங்காகக் கிடந்தன.
ஏழாவது வாரம், ஒரு செவ்வாய்,
முழங்கால் சில்லுக்குக் கீழே
ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டினாள் ஷாகிரா.

கால் எகிறியது.
டிபன் கேரியர் உருண்டு தரையெல்லாம் ரசம்.
பக்கத்துக் கட்டில்காரர் கைதட்டினார்.
நதியா என் முகத்தைப் பார்க்கவில்லை,
காலைப் பார்த்தே அழுதாள்.
நின்ற இடத்திலேயே
காட்டிநாயனப்பள்ளி முருகனுக்குக் காவடி நேர்ந்துகொண்டாள்,
நான் நடந்து எடுப்பதாக.

ஷாகிரா சிரிக்கவில்லை.
சுத்தியலைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு
குனிந்து கேட்டாள்:
அண்ணா, தட்டினது உங்களுக்குத் தெரிஞ்சுதா?

இல்லை.

தசைநார் இழுபட்டிருக்கிறது.
பின்வேர் வழியாகச் சேதி உள்ளே போய்,
அறுந்த இடத்துக்குக் கீழேயே
ஒரு நரம்பு இன்னொன்றைத் தொட்டு,
உதை என்று முன்வேர் வழியாகத் திரும்பியிருக்கிறது.
தலைக்குத் தகவல் இல்லை.
மேலேயிருந்து அதட்டி அடக்க ஆளில்லை,
அதனால்தான் இவ்வளவு வேகம்.
இதற்குப் பாடப்புத்தகத்தில் அனிச்சை என்று பேர்.
இச்சை இல்லாதது.

எங்கள் ஆட்கள் சொல்வது ரிட்டர்ன் சப்ளை.

ராத்திரி இரண்டு மணி.
போர்வை உரசியதற்கே
வலது கால் வெட்டி வெட்டி இழுக்கிறது.
கட்டிலடியில் பாயில் கிடந்தவள் எழுந்து,
பாரு, பாரு, உசுரு வந்துருச்சு என்று
இரண்டு கையாலும் முட்டியை அமுக்குகிறாள்,
வேலை முடியும்வரை லைனில் நாங்கள் மாட்டிவைக்கும்
எர்த் ராடு மாதிரி.
மெல்ல அடங்குகிறது.
அவள் கை சூடா, சில்லென்றா,
தெரியவில்லை.

லைன் செத்ததென்று நம்பாதே என்று
சொல்லிக் கொடுத்தார்கள்.
உயிரோடிருக்கிறதென்றும் நம்பாதே என்பது
எந்தப் பாடத்திலும் இல்லை.

சொல்லிவிடலாம்.
ஆனால் இதே தண்டுவடம்தான்
அன்றைக்கு என்னைக் கேட்காமல் கையை உதறியது.
இன்றைக்கும் என்னைக் கேட்கவில்லை,
இவளைச் சிரிக்க வைத்திருக்கிறது.

காலையில பேசிக்கலாம், படு என்றேன்.
அவள் கையை எடுக்கவில்லை.
எடுத்திருந்தாலும்
கண்ணால் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.