ஐந்தேகால் முழம்

கடைசிச் சுற்றில்
இன்னும் இரண்டு வளையம் பாக்கி.
ஷட்டிலைத் திருப்பிப் பார்க்கிறேன்,
நடுத்தண்டு வெறுந்தண்டு.

வண்டி நிற்பது வினிபெக் விமான நிலையத்தின்
நெடுநாள் பார்க்கிங், பதினொன்றாம் கம்பம்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
ஹீட்டர் என் வலது முழங்காலை மட்டும்
சொந்தமென்று நினைத்துக்கொள்கிறது.
நான் ஓட்டுவதும் ஷட்டில்
பின்னுவதும் ஷட்டில்.
ரேடியோவில் ஒருமுறை இதைச் சொல்லிச் சிரித்தேன்.
"கேட்கலை, திரும்பச் சொல்லு" என்றாள்
டிஸ்பாட்சில் ரோவேனா.
திரும்பச் சொல்லவில்லை.

சிகரெட்டை விட்ட பிப்ரவரியில்
விரல்களுக்கு வேலை போனது.
நூலகத்தில் பழைய புத்தக விற்பனை.
ஒரு டாலருக்கு ஒரு டாட்டிங் கையேடு,
அட்டையில் யாரோ காபிக் கோப்பை வைத்த வட்டம்.
நான் பார்த்த முதல் டாய்லி அதுதான்.
சட்டைப்பையில் பாக்கெட் இருந்த இடத்தில்
இப்போது ஒரு பிளாஸ்டிக் படகு.
ஆள் வராத எட்டு நிமிடத்தில்
இரண்டு வளையம் ஆகும்.

நேற்றிரவு ஏழு பாக்கி இருந்தது.
வளையத்துக்கு ஒரு முழம்.
நூலை முழுதும் இறக்கி
முழங்கையிலிருந்து நடுவிரல்வரை அளந்தேன்.
ஐந்தேகால்.
விளக்கடியில் நின்று இன்னொருமுறை,
வெளிச்சம் பட்டால் பருத்தி நீளுமோ என்று.
ஐந்தேகால்.
தில்லைநாயகி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.
"உங்க கை நீளம். என் கையால அளங்க."
அளந்தோம்.
ஆறு. ஆறுக்கும் ஒரு விரற்கடை மேலே.
பூக்காரியை ஏமாற்றிவிட்ட மாதிரி
கொஞ்ச நேரம்
இரண்டு பேரும் சந்தோஷமாக இருந்தோம்.
வளையம் என் விரலைச் சுற்றித்தான் விழும்
என்பது பிறகே நினைவு வந்தது.

காலையில் கடைக்கு போன் செய்தேன்.
நாற்பதாம் எண், அதே பழுப்பு, இருக்கிறதாம்.
சாயத் தொகுதி மட்டும் வேறு.
"பக்கத்துல பக்கத்துல வச்சாத்தான் தெரியும்"
என்றான் பையன்.
பக்கத்தில் பக்கத்தில் வைப்பதைத் தவிர
இதில் வேறென்ன செய்கிறேன் தம்பி.

குரோஷே என்றால் உருவிவிடலாம்.
ஒரே இழுப்பு,
ஒரு மாலை வேலை மடியில் நூடுல்ஸ்.
இது முடிச்சு.
வலது கை போட்டது தாவி
இடது கை நூலில் போய் உட்காரும்,
டிக் என்று, விரலுக்கு மட்டும் கேட்கும்.
உட்கார்ந்தபின் எழுந்து வராது.
மூன்றாம் சுற்றில் கண்ணிகளை
தாராளமாக விட்டிருக்கிறேன்,
ஓவர்டைம் பணம் வந்த வாரம் அது.
அங்கே மட்டும் ஒன்றரை முழம் சும்மா நிற்கிறது.
பெட்டியில் பணம் வைத்துச் சாவி தொலைத்தவன் போல
அதைத் தடவிப் பார்க்கிறேன்.

"பதினொன்னுல யாராவது?"
"யாருமில்லை."
"சரி, சுத்து முடிச்சிட்டு வா."

ஆள் இல்லாவிட்டாலும்
பதினெட்டுக் கம்பத்திலும் நிற்கவேண்டும்,
கதவு திறக்கவேண்டும்.
கம்பெனி விதி.
கால் முழ நூல் தொங்க
டாய்லியை டாஷ்போர்டில் விரித்து வைத்தேன்.
வெட்டவில்லை.
இடைவெளி என் பக்கம் இருக்கிறது.

பன்னிரண்டு.
நிறுத்துகிறேன். கதவு திறக்கிறது.
குளிர் ஏறி முன்சீட்டில் உட்காருகிறது,
பெட்டி ஏதும் இல்லாமல்.
கதவு மூடுகிறது.

பதின்மூன்று.