வழிப்போக்கனின் பங்கு

மனனாராவிலிருந்து மருவான்செட்ரா வரை
நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம்.
மழைக்காலத்தில் இரண்டு நாள்.
கிராம்பு மூட்டைகள், கோழிக்கூடை, ஒரு கர்ப்பிணி,
கூரைமேல் யாருடையதோ ஒரு சைக்கிள்.
பதினோரு வருஷமாக இந்தச் சேற்றைத்தான் ஓட்டுகிறேன்.

போன செவ்வாய், மூன்றாவது படகுத்துறை தாண்டி
பாதை பிரிகிற இடத்தில்
மூங்கிலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.
பூனையளவு உடம்பு. புகைபிடித்த சட்டி நிறம்.
வௌவால் காது, எலிப்பல்,
எந்த இனத்திலும் ஒட்டாத முகம்.
பேரைச் சொல்ல மாட்டேன்.
நீங்கள் வேண்டுமானால் அய்-அய் என்று படித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்த நடுவிரல்.
கம்பிமேல் தோலைச் சுற்றியது போல.
அது யாரைச் சுட்டுகிறதோ
அவர் வீட்டில் விடிவதற்குள் ஒப்பாரி.

ஊருக்குள் வந்தால் அடிக்க வேண்டும்.
அடித்தால் மட்டும் போதாது, பீடை ஊரிலேயே தங்கிவிடும்.
அதனால் பாதையோரம் தொங்கவிடு:
எவனோ ஒரு வெளியூர்க்காரன் கடந்து போவான்,
தனக்கே தெரியாமல் எடுத்துப் போய்விடுவான்.

அந்த எவனோ நான்தான்.
எல்லா ஊருக்கும் நான் வெளியூர்.
இதுவரை ஒன்பது கம்பங்கள்,
ஒன்பது ஊர்ப் பீடையும் டிக்கெட் வாங்காமல் ஏறியிருக்கிறது.
ஒரு தடவை ஆக்ஸில் முறிந்தது.
ஒரு தடவை மனைவி தமத்தாவேவுக்குப் போனவள் திரும்பவில்லை.
அவளுக்கு வேறு காரணங்கள் இருந்தன.

ரேடியேட்டர் கொதித்தது. நிறுத்தினேன்.
யாரும் இறங்கவில்லை.
கர்ப்பிணி துணியால் முகத்தை மூடிக்கொண்டாள்.

லெஸாஃபி வாளியோடு வந்தான்.
நான் கேட்கவே இல்லை. "நான்தான்" என்றான்.
"மகளுக்கு நாலு நாளாகக் காய்ச்சல்.
இது சுவர் மரத்தைத் தட்டியது. டொக்.
காதை வைத்துக் கேட்டது. மறுபடி டொக்.
துரத்தினேன், ஓடவில்லை.
கிட்டே வந்து என் காலை முகர்ந்தது, அண்ணே.
அதில்தான் எனக்குப் பயம் வந்துவிட்டது."

மகள் சுவாவெலு வாசலில் கரும்பு கடித்துக்கொண்டிருந்தாள்.
"மாத்திரையும் கொடுத்தேன்" என்றான்.
இரண்டில் எது காப்பாற்றியது என்று
நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

போன வருஷம் இரண்டு வெள்ளைக்காரர்களை ஏற்றிப் போனேன்.
இதைப் பார்க்க மூன்று இரவு மழையில் உட்கார்ந்தார்கள்,
பார்க்காமலேயே திரும்பினார்கள்.
மரத்துக்குள் புழு நகர்வது அதற்குக் கேட்குமாம்,
விரல் புழுவைத் தோண்டி எடுக்கத்தானாம்.
லெஸாஃபியிடம் இதைச் சொல்லியிருக்கலாம்.
உன் சுவரில் புழு இருக்கிறது, அவ்வளவுதான் என்று.
உள்ளே பிள்ளை கொதிக்கும்போது
வெளியே தடியோடு நின்றவன் நானில்லையே.

இதே காட்டில் பபகுத்து இருக்கிறது.
விடியலில் அது கூவினால் வண்டியை நிறுத்திக் கேட்போம்.
அது எங்கள் முன்னோர், கல்லெறிந்தால் கை விளங்காது.
இரண்டும் தூரத்துப் பங்காளிகள் என்றார் வெள்ளைக்காரர்.
ஒன்றுக்கு நல்ல குரல், பொம்மை முகம்.
மற்றதற்கு அந்த விரல்.
யாரை மூதாதையாக வைத்துக்கொள்வது என்று
முகம் பார்த்துத்தான் முடிவு செய்தோம் போலிருக்கிறது.

தண்ணீர் ஊற்றிக் கிளப்பினேன்.
கம்பத்தைத் தாண்டும்போது
லெஸாஃபி என்னைப் பார்க்காமல் வாளியைப் பார்த்தான்.

இருட்டிய பிறகு கர்ப்பிணி கேட்டாள்:
"இதை எங்கே இறக்குவாய்?"
"சந்தைக்குப் பக்கத்தில், கிடங்கில்."
"நான் கிராம்பைக் கேட்கவில்லை."

பலகைப் பாலம் வந்தது.
மேலே சைக்கிள் பெடல் கயிறு தளர்ந்து
கூரையைத் தட்டியது. டொக்.
வண்டிக்குள் மூச்சுச் சத்தம்கூட இல்லை.
டொக்.
இறங்கிக் கட்டியிருக்கலாம்.
கட்டவில்லை.