ஒன்றரை விரற்கடை

பல்லைப் பிடித்துப் பார்த்து
மாட்டுக்கு வயது சொல்கிறவளிடம்
"செயினை மட்டும் மாற்று, போதும்,
பல்சக்கரம் இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்" என்றான்
உதிரிபாகக் கடை ஷிரெந்தேவ்.

ஓயுன்துங்கலாக் பதில் சொல்லாமல்
வெளியே போய் வண்டியருகே குந்தினாள்.
பின்சக்கரத்தின் கடைக்கோடியில்
ஒரு கண்ணியைப் பிடித்து இழுத்தாள்.
செயினுக்கும் பல்லுக்கும் நடுவே
கோபிப் பாலையின் மதியம் முழுசாகத் தெரிந்தது.
நாற்பத்திரண்டு பல்லும்
ஒரே பக்கம் சாய்ந்து கொக்கியாகியிருந்தன.

"புதுசை ஒரே கோடையில் தின்றுவிடும் இது.
முன்சக்கரம், பின்சக்கரம், செயின்.
மூன்றையும் எடு."

பொன்முலாம் பூசிய ஒன்றை முதலில் போட்டான்.
அவள் தொடவில்லை.
ரப்பர் வளையம் வைத்தது, விலை இரட்டை.
"மைனஸ் நாற்பதில் ரப்பர் என்ன ஆகும்?"
ஷிரெந்தேவ் கூரையைப் பார்த்தான்.
அடித்தட்டில் எண்ணெய்க் காகிதம் சுற்றி
தடித்த தகட்டில் கறுப்பாய் ஒன்று,
பார்க்க லட்சணமில்லை.
அதை மடியில் வைத்துக்கொண்டாள்.
குறைந்த காசுக்கு
வசந்தத்தில் அவன் மச்சானின் இருநூறு ஆட்டுக்கு ஊசி.

கூடாரத்தின் முன்னால்
பழசையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தி எண்ணினாள்.
பழசில் நூற்றுப் பதினாறு.
புதுசில் அதே நூற்றுப் பதினாறு எண்ணி நிறுத்தியபோது
பழசு இரண்டு கண்ணி நீளம் கூடியிருந்தது.
எதுவும் சேராமலேயே நீண்டிருந்தது,
தேய்ந்து தேய்ந்து.

(தமிழில் கண்ணி என்றால் பொறியும்தான்.
அவள் மொழியில் எப்படியோ, எனக்குத் தெரியாது.)

மிச்சம் நான்கு கண்ணி.
ஆணித்தலையை அரத்தால் ராவி
சுத்தியலால் ஒரே தட்டு.
பூட்டுக் கண்ணிக்கு மேல் போடும் கிளிப்
ஒரு சின்ன மீன்.
பிளந்த பக்கம் வால்,
தலை செயின் ஓடுகிற திசைக்கு.
போன வருஷம் தலைமாற்றிப் போட்ட மீன்
சரளையில் எங்கோ நழுவிப் போய்விட்டது.
பதினெட்டு கிலோமீட்டர் வண்டியைத் தள்ளினாள்,
தடுப்பூசிப் பெட்டியில் ஐஸ் உருக உருக.

சுரங்கத்திலிருந்து பதினாலு நாள் லீவில்
வந்திருந்தான் மியாக்மர்ஜாவ்.
"ஏறி உட்கார், எடை வேண்டும்" என்றாள்.
உட்கார்ந்தான்.
சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி
மிக இறுகி நிற்கும் இடத்தைத் தேடிப் பிடித்து
கீழ்ச்சரத்தின் நடுவில் விரல் கொடுத்துத் தூக்கினாள்.
ஒன்றரை விரற்கடை.

"தொய்கிறதே, இன்னும் கொஞ்சம் இறுக்கு."

"குழியில் இறங்கும்போது அதற்கு இடம் வேண்டும்.
இல்லையென்றால் பேரிங் அழும்."

விடியுமுன் ஆள் வந்துவிட்டது.
வடக்கு மேட்டில் ஒட்டகம், முதல் ஈற்று, கால் திரும்பியிருக்கிறது.
பழக்கத்தில் விரல் வைத்தாள்.
அரை விரற்கடைகூட இல்லை.
ராத்திரியில் யாரோ இறுக்கியிருக்கிறார்கள்.

அச்சு நட்டைத் தளர்த்தி
இரண்டு பக்கக் கோடும் ஒன்றுபோல் நிற்கத் திருகினாள்.
நிமிர்ந்தபோது வாசலில் அவன்,
கையில் உப்புத் தேநீர்.
"கீச்சுகீச்சென்று சத்தம் வந்தது, அதான்."

புதுச் செயின்.
நேற்றிலிருந்து ஓடவே இல்லை.
தேநீரை வாங்கிக் குடித்தாள்.

மேட்டில்
மண்ணெண்ணெய் நாறும் கையை ஒட்டகம் சேர்க்கவில்லை.
மூன்று தரம் கழுவி
தோள்வரை கையை விட்டுத் திருப்பினாள்.
கன்று நிற்க மதியமாயிற்று.

எண்ணெய் டப்பாவோடு வண்டிக்கு வந்து
செயினைத் தொட்டுப் பார்த்தாள்.
ஆறிப்போயிருந்தது.
ஓடி வந்த சூட்டில் போட்டால்தான் உள்ளே இறங்கும்.
மிச்சத்தைத் துடைக்கவும் வேண்டும்,
எண்ணெயோடு மணல் சேர்ந்தால் அதுவே அரம்.

மூடியைத் திருகினாள்.
வீடு போய்ச் சேர்ந்ததும் போட்டுக்கொள்ளலாம்.
இருட்டியிருந்தாலும்
விளக்குப் பிடிக்க ஆள் இருக்கிறது,
இன்னும் ஒன்பது நாளைக்கு.