தொழில் என்ற கட்டம்

வங்கிப் படிவத்தில் தொழில் என்று
ஒரு விரற்கடை நீளக் கட்டம்.
தவறணையில் வேலை என்று எழுதினேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்தவர்
யாழ்ப்பாணத்தார். நல்ல மனிதர்தான்.
"கள்ளுக்கடையிலா அம்மா?" என்றார்.
பின்னால் நின்ற வரிசை சிரித்தது,
நானும்தான்.
உங்கள் ஊர்த் தவறணையில் கள்ளு, சேர்.
எங்கள் மலைத் தவறணையில் கன்று.

ஏழாம் நம்பர் மலை தெரியுமா?
தெரிந்திருக்காது.
தேயிலை சோர்ந்து கைவிட்ட மலை.
விறகுக்கென்று டர்பன்டைன் வைத்தார்கள்.
மரம் ஏறியது, பீலி இறங்கியது.
மாசியில் முப்பத்திரண்டு குடும்பத்துக்கு
ஒரே பீலி,
அதுவும் சளிப்பிள்ளை மூக்கு மாதிரி.

கீழே ஆற்றை மறித்துக்
கரண்ட் எடுக்கிற கம்பெனிக்கும்
அதே மாசியில்தான் சக்கரம் நின்றது.
எங்கள் குடம் காய்ந்தபோது
யாரும் கூட்டம் போடவில்லை.
சக்கரம் நின்றதும் போட்டார்கள்.
அப்படி வந்ததுதான் இந்த வேலை.

திறப்பு விழாவுக்கு மூன்று மொழியில் பேனர்.
தமிழில் மட்டும்
பசுமைத் தொழில்
பசுமைத் தொல்லை என்று அச்சாகியிருந்தது.
எல்லோரும் போன பிறகு
அவிழ்த்து மடித்து வைத்துக்கொண்டேன்.
தொல்லையின் நிழலில் இன்றைக்கு
நாலாயிரம் கீனாக் கன்று.

சோமலதாவும் நானும்தான் விதைக்குப் போவது.
மரத்தின் பெயர் அவளுக்குத் தெரியும்,
அதில் எந்தக் குருவி எப்போது உட்காரும் என்று
எனக்குத் தெரியும்.
காட்டுச் சண்பக விதையைக்
குருவிக்கு முன்னால் எடுக்க வேண்டும்.
சிவப்புத் தோலைத் தேய்த்துக் கழுவாவிட்டால்
மண்ணில் படுத்தே கிடக்கும்,
ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்காரர் போல.
காலுக்குச் சவர்க்காரம் பூசிக்கொள்வோம்.
கொழுந்துக்கு ஏறினாலும் அட்டை,
இதற்கு ஏறினாலும் அட்டை.

பொய் சொல்ல மாட்டேன் சேர்.
அங்கே கிலோ குறைந்தால் அரைப்பேர்.
இங்கே தராசு இல்லை.
ஆனால் ஒப்பந்தம் பதினொரு மாதம்.
பன்னிரண்டு ஆனால்
நிரந்தரமாக்க வேண்டி வந்துவிடுமாம்.

கூட்டத்தில் எழுந்து கேட்டேன்:
மரம் நூறு வருடம் நிற்க வேண்டும் என்கிறீர்கள்,
வைத்தவள் ஒரு வருடமாவது
நிற்க வேண்டாமா?
மொழிபெயர்க்க வந்த பொடியன் திணறினான்.
கம்பெனி ஐயா பேனாவை மூடினார், திறந்தார்,
மறுபடி மூடினார்.
பதில் வரவில்லை.
இரண்டு மாதம் கழித்து
பதினாலு பேருக்கும் ஈபிஎஃப் நம்பர் வந்தது.
ஒப்பந்தம் இன்னும் பதினொன்றுதான்.

இந்த மாசியில் பீலியடியில் நின்று
குடம் நிறையும் வரை எண்ணினேன்.
போன வருடம் நானூறு.
இந்த வருடம் முந்நூற்று அறுபது.
டர்பன்டைனை வெட்டியதாலா,
ஐப்பசி மழை நின்று பெய்ததாலா?
தெரியாது.
கொப்பியில் எழுதி வைத்தேன்.
எண்ணுவதும் என் வேலைதான்,
அதற்கும் சம்பளம்.

"சரி, கடன் எதற்கு?"
பதினாலு பேரும் சேர்ந்து
சொந்தமாக ஒரு தவறணை போட.
கன்று கேட்டு வேறு தோட்டத்திலிருந்தும்
ஆள் வருகிறது.
இந்தக் கம்பெனி மூடினாலும்
காட்டுக்குக் கன்று வேண்டுமே.

"ஈடு என்ன வைப்பீர்கள்?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.
கொப்பாட்டன் காலத்து லயம்.
கூரை அவர்களுடையது, சுவர் அவர்களுடையது,
வாசலில் நான் வைத்த ரோசாவின் வேர்கூட
அவர்கள் மண்ணில்.
ஈடு வைக்க ஒரு பேர்ச் இல்லை.

கொப்பியைத்தான் தள்ளினேன்,
கண்ணாடியின் கீழிருந்த சந்து வழியாக.
எத்தனை விதை, எத்தனை முளை,
எத்தனை செத்தது. செத்ததையும் எழுதியிருக்கிறேன்.

நிறைய நேரம் புரட்டினார்.
பிறகு படிவத்தை இழுத்து
தவறணை என்ற சொல்லுக்குப் பக்கத்தில்,
கட்டம் போதாமல் ஓரத்தில்,
கன்று
என்று சின்னதாக எழுதினார்.

"மேலே அனுப்பிப் பார்க்கிறேன், அம்மா.
சொல்ல முடியாது."

நாலே முக்காலுக்கு பஸ்.
போய்த் தண்ணீர் விட வேண்டும்.