முதல் தரம்

ராணிப்பேட்டை சிப்காட்டில்
பதினோரு வருடமாகத் தோல் தரம் பிரிக்கிறேன்.
உண்ணி கடித்த புள்ளி, முள்கம்பிக் கீறல்,
கத்தி தவறி இறங்கிய இடம்.
விரல் ஓட்டினாலே தெரிந்துவிடும்
அந்த ஆடு எப்படி வாழ்ந்ததென்று.
எப்படிச் செத்தது என்பது
எல்லாத் தோலுக்கும் ஒன்றுதான்.

அதனால்தானோ என்னவோ
தானாக அசைகிற தோல் ஒன்று
வீட்டில் வேண்டும்போலிருந்தது.

சத்துவாச்சாரியில் வீட்டு ஓனர்
முன்பணத்தை எண்ணிக்கொண்டே
நாய் கூடாது, பூனை கூடாது,
கருவாட்டு வாசனை மாடிக்கு வரக்கூடாது என்றார்.
பாம்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

காட்பாடி மேம்பாலத்தை ஒட்டி
மீன்தொட்டிக் கடை வைத்திருக்கிறார் டெரன்ஸ்.
"புதுசா?"
"புதுசுதான்."
"எந்த மாதிரி வேணும்?"
"பார்க்க லட்சணமா. சும்மா சுருண்டு கிடக்காம
சுறுசுறுப்பா."
சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது:
என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்
தரகரிடம் சொல்லி அனுப்பியதும் இதே இரண்டுதான்.

கிளைக்குக் கிளை தாவும் கொம்பேறிமூக்கன்,
பாலாற்றங்கரை நாணலில்
மின்னி மறையும் சாரை.
"அதுங்களைவிட அழகு ஏது? ஓட்டம் ஏது?
ஆனா நம்ம ஊர்ப் பாம்பை வீட்ல வெச்சா ஜெயில்."
அப்புறம் கடல் தாண்டி வந்த வம்சங்களை
ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார்.

பந்தாகச் சுருண்ட மலைப்பாம்புக் குட்டி
விருந்துக்கு வந்த மாமனார்போல
மூடி திறந்தும் அசையவில்லை.
"கலரைப் பார்த்து வாங்கிட்டுப் போவாங்க.
ஒரு மாசத்துல போன் வரும்,
தூங்குதா போயிடுச்சான்னு."

கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட இன்னொன்று.
எங்கள் பாலிஷ் மிஷின் தோற்கும் பளபளப்பு.
"இதுக்கு எது கிடைச்சாலும் சாப்பாடு.
உங்க விரல் உட்பட."

மூன்றாவது பெட்டியில் சோளப்பாம்பு.
செங்கல்லுக்கும் குங்குமத்துக்கும் நடுவே ஒரு நிறம்,
சாயப்பிரிவில் மூன்று முறை முயன்று
நாங்கள் கைவிட்ட நிறம்.
கண்ணாடி ஓரமாகப் போனது, வந்தது,
மூலையில் ஏறியது, வழுக்கியது, மறுபடி ஏறியது.
"இதுதான்" என்றேன்.

டெரன்ஸ் உடனே பில் போடவில்லை.
"ஓட்டமா இருக்குன்னு நீங்க பாக்குறீங்க.
அது வாசல் தேடுது.
பெரிய தொட்டி வாங்குங்க, ஏறக் கிளை வைங்க,
ஒளிய ரெண்டு இடம் குடுங்க.
ஒளிய இடமிருக்கிற பாம்புதான்
தைரியமா வெளியே வரும்."

பதிவுத் தாளில் எழுதினார்கள்:
உரிமையாளர், வா. குணசுந்தரி.
ஆக, நானும் ஒரு வீட்டு ஓனர்.

மே மாதம்.
ஹீட்டர் வேண்டுமா என்று கேட்டதற்கு
"வேலூர் வெயில்லயா?" என்று டெரன்ஸ் சிரித்த சிரிப்பு
இன்னும் காதில் இருக்கிறது.
மதியம் கரண்ட் போனால்
தொட்டிமேல் ஈரச்சாக்கு.
ஃப்ரீசரில், மக்கன் பேடா வாங்கிய டப்பாவில்
உறைந்த சுண்டெலிக் குஞ்சுகள்.
ஒருநாள் அக்கா மகன் ஆசையாகத் திறந்துவிட்டான்.
அவன் இப்போது எங்கள் வீட்டில்
தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

பகலெல்லாம் பட்டைக்கடியில் கிடக்கும்.
இரவு இரண்டு மணிக்கு
தேங்காய்நாரில் சரசரவென்று அதன் நடமாட்டம்.
கண்ணாடியை முட்டுவதில்லை.
நைட் ஷிப்ட் முடிந்தும் தூக்கம் வராத எனக்கு
அதுதான் பேச்சுத்துணை.

திடீரென நிறம் மங்கிற்று.
கண்ணில் பால் ஊற்றியதுபோல் வெள்ளை.
இரையைத் திரும்பிப் பார்க்கவில்லை.
பதறி போன் செய்தேன்.
"சட்டை மாத்தப் போகுது. கை வைக்காதீங்க."

ஒன்பதாம் நாள் விடியற்காலை
கிளையில் தொங்கிக்கொண்டிருந்தது
கழற்றிப் போட்ட காலுறைபோல், முழுசாக,
கண்மூடி இரண்டும் அப்படியே.
ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தேன்.
விரல் பழக்கத்தில் ஓடியது.
உண்ணி இல்லை. கம்பி இல்லை.
கத்தி இல்லவே இல்லை.

"முதல் தரம்" என்றேன், வாய்விட்டு.
குறித்துக்கொள்ள யாருமில்லை.

பட்டைக்கடியிலிருந்து புது நிறத்தில் தலை நீட்டி
எத்தனை சோப்புக்கும் குரோம் வாடை போகாத
என் கட்டைவிரலை
நாக்கால் இரண்டு முறை சோதித்தது.
என்ன தரமென்று சொல்லாமல்
உள்ளே போய்விட்டது.