பொத்தான் இருந்த இடம்

ப்ர்னோவில் பனி அழுக்காகிக் கிடந்த மார்ச் வாரம்
வ்லாஸ்தா கடைக்கு வந்தாள்.
டிராம் ஓட்டுகிறவள்; சீருடைச் சட்டையோடு நேராக.
பெட்டியைத் திறந்து கைத்துப்பாக்கியை
பிடி என் பக்கம் வருமாறு வைத்தாள்.
காலியா என்று நான் பார்த்தேன். அவள் பார்த்தாள். மறுபடி நான்.
எங்கள் தொழிலில் அதுதான் வணக்கம்.

"எனக்கு இடக்கை" என்றாள்,
பழைய கடன் ஒன்றை ஒப்புக்கொள்கிற குரலில்.

அதை வரைந்தவன் வலக்கைக்காரன்.
குற்றமில்லை, தன் கையைப் பார்த்து வரைந்திருக்கிறான்.
காப்பு நெம்பு இடப்பக்கம், அவனுடைய கட்டைவிரல் விழுகிற இடத்தில்.
தோட்டாக்கூட்டை இறக்கும் பொத்தான் அதற்குக் கொஞ்சம் கீழே.
சுட்ட குப்பி வலப்பக்கம் தெறிக்கும்;
இவளுக்கு அது முகத்தின் குறுக்கே போகிறது.
கழுத்தெலும்பின் மேல் பட்டாணி அளவு தழும்பைக் காட்டினாள்.
"கோடை. இறக்கமான கழுத்துச் சட்டை. தப்பு என்னுடையது."

எத்தனை வருடமாக இப்படி?
"பதினேழு."

குப்பி தெறிக்கிற வாயை என்னால் மாற்ற முடியாது,
அதற்கு வேறு துப்பாக்கிதான் வாங்க வேண்டும் என்றேன்.
மற்றதையெல்லாம் என்னிடம் விட்டுவிடுங்கள்.

வலப்பக்கம் இன்னொரு காப்பு நெம்பு பொருத்தினேன்.
அதன் அச்சு மயிரிழை தடிப்பு; இழைத்தெடுக்க ஒரு மாலை போயிற்று.
பொத்தானைக் கழற்றித் திருப்பிப் போட்டேன்.
திருப்பினால் கூடுகளிலும் மறுபக்கம் பள்ளம் வேண்டும்.
ஐந்து கூடு, ஐந்து பள்ளம்,
அரம், எண்ணெய், வானொலியில் ஐஸ் ஹாக்கி
(தோற்றுக்கொண்டிருந்தோம்).
முடித்ததும் என் இடக்கையில் பிடித்துப் பார்த்தேன்.
ஐம்பத்தெட்டு வருடம் என்னோடிருந்த கை
விருந்தாளிபோல் கூச்சப்பட்டது.
கட்டைவிரல் மட்டும் சொன்ன இடத்தில் போய் உட்கார்ந்தது.
இடக்கைக்கு இடம் கொடுத்துவிட்டேன் என்று
அன்றிரவு ஒரு பியர் கூடுதலாகக் குடித்தேன்.

செப்டம்பரில் போட்டி.
பழைய செங்கல் சூளைக்குப் பின்னால் மண்மேடு, காகிதக் குறிகள்.
மூன்றாம் சுற்றில் அவள் கூடு தீர்ந்தது.
ஆட்காட்டி விரல் விசையை விட்டு இறங்கி
இடப்பக்கம் போய் அழுத்தியது.
அங்கே வெறும் இரும்பு.
இன்னொரு முறை அழுத்தியது.
பிறகுதான் கட்டைவிரலுக்கு நினைவு வந்தது.
மூன்று நொடி.
போன வருடம் நான்காம் இடம், இந்த வருடம் பதினொன்று.
நான் தேநீர்க் குடுவையின் மூடியை
வெகுநேரம் திருகிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை கசகசா கேக்கோடு வந்தாள்.
கோபமாக வந்திருக்கலாம்.
"பொத்தானைப் பழைய பக்கமே போட்டுவிடுங்கள்."
ஆட்காட்டி விரலை நீட்டிக் காட்டினாள்,
யாரையோ அறிமுகப்படுத்துகிறவள் மாதிரி.
"இது அங்கேதான் போகும்.
அங்கே இருக்கும்வரை விசைமேல் இருக்காது, பாருங்கள்,
அதுவும் நல்லதுதானே."

காப்பு நெம்பு?
"அது இருக்கட்டும். அதற்குத்தான் ஏங்கிக்கொண்டிருந்தேன்."

பதினேழு என்று அவள் சொன்னபோது
என் காதில் விழுந்தது கஷ்டம்.
அவள் கூட்டிச் சொன்னது பழக்கத்தை.
எந்த விரலால் அழுத்துகிறாய் என்று
ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

பொத்தானைத் திருப்ப நான்கு நிமிடம் ஆனது.
கூடுகளில் நான் வெட்டிய பள்ளங்கள்
இனி எதையும் பிடிக்காமல் அப்படியே இருக்கும்.
காசு வேண்டாம் என்றேன். ரசீது வேண்டும் என்றாள்,
சங்கத்தில் கேட்பார்களாம்.
கையெழுத்துப் போடத் தாளைக் கிட்டத்தட்டக் குறுக்காகத் திருப்பினாள்,
மணிக்கட்டை மேலே வளைத்து,
ஈர மையைத் தொடாமல்,
மேலிருந்து கீழே இறங்கி எழுதினாள்.
நான் மேசை விளக்கை அவள் பக்கம் நகர்த்தப் போனேன்.
பிறகு கையை எடுத்துக்கொண்டேன்.