மிச்சம்

நாங்கள் இருக்கும் இடத்தின் பெயர் மிச்சம்.
லண்டனின் தெற்கில், ட்ராம் நிற்கும் ஊர்.
பெயரைக் கேட்டுச் சிரிக்காத தமிழர் இல்லை.
மாதக் கடைசியில் நாங்கள் சிரிப்பதில்லை.

முதல் வருகைக்கு நூற்றைம்பது பவுண்.
தொலைபேசியில் அதைச் சொன்ன குரலில்
கூச்சம் இருக்கவில்லை. எனக்குப் பிடித்தது.
மருத்துவமனையில் சம்பளப் பட்டியல் போடுகிறவள் நான்;
தொகை சொல்லத் தயங்குகிறவர்கள்தான்
பிறகு கூட்டிச் சொல்வார்கள்.

இவர் முணுமுணுத்தார்:
"வந்து பார்க்கவே காசா?
இரத்தினகோபால் லொஃப்ட் எழுப்பினபோது
பில்டரே கீறிக் கொடுத்தவனாம்."
இரத்தினகோபால் வீட்டு மேல்படியில்
இன்றைக்கும் குனிந்துதான் ஏற வேண்டும்.
அதை நான் நினைவூட்டவில்லை.

ரூத் ஹாலோவே சைக்கிளில் வந்தாள்.
சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றினாள்.
ஒரு காலுறையில் பெருவிரல் தெரிந்தது.
ஏணியில் ஏறி, கம்பளச் சுருளையும்
உடைந்த விசிறியையும் தாண்டி
முகட்டு வளையில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தாள்.
இரண்டு மீற்றர் இருபத்தொன்று.
"போதும். மட்டுமட்டாக."
கீழே புது உத்தரம், பலகை,
மேலே குளிர் தடுக்கும் பஞ்சு, பூச்சு:
கூரை தன் உயரத்தைத் தானே தின்னும் கணக்கை
விரல்விட்டுக் காட்டினாள்.
இவரின் உச்சந்தலைக்கு மேல்
ஒரு சாண்கூட மிஞ்சாது.

பிறகு சமையலறை மேசையில்
குறிப்பேட்டைத் திறந்து கேட்டாள்:
"அறை யாருக்கு?"

"வாடகைக்கு விடலாம்" என்றார் இவர்.
அகரன் ஒரு காதை மட்டும் விடுவித்து,
"எனக்குத்தானே?" என்றான்.
நான் தேத்தண்ணி ஊற்றியபடி,
கேத்தலுக்குச் சொல்வது போல:
"சாத்தக்கூடிய ஒரு கதவு. உள்ளே ஒரு மேசை."
மூன்றையும் எழுதினாள்.
எதன் கீழும் கோடு போடவில்லை.

அளவெடுக்க அறுநூறு.
வரைபடம் ஆயிரத்தெண்ணூறு.
கட்டட விதிகளுக்கு வேறு வரைபடம், ஆயிரத்து நானூறு.
இரும்பைக் கணக்குப் பார்ப்பவர் வேறு ஆள், வேறு பில்.
இரண்டு பக்கமும் பொதுச் சுவர்,
அயலவர் இருவருக்கும் சர்வேயர்,
கட்டுவது நாங்கள், காசும் நாங்கள்.
எல்லாவற்றின் தலையிலும் வற் வரி.
கட்டி முடிக்க, அவள் மதிப்பில், எழுபத்திரண்டாயிரம்.
இருந்தது நாற்பத்தொன்று.
"மிச்சத்தை மோட்கேஜில் ஏற்றலாம்" என்றார்,
கடை வண்டிலில் இன்னொரு பால் போத்தல் வைப்பது போல.

வரைபடம் வந்தது. அழகாகத்தான் இருந்தது.
முகமில்லாத ஒரு மனிதர் முகட்டின் கீழ் நிமிர்ந்து நின்றார்.
ஆனால் மேலே போகும் படி
சின்னறையில் பாதியை விழுங்கியிருந்தது,
அரிசிப் பையும் அயர்ன் பலகையும்
இவரின் நான்கு சூட்கேஸும் இருக்கும் அறை.

அதன் பின்னால் இரண்டாவது தாள்.
நாங்கள் கேட்காதது. பில்லிலும் இல்லாதது.
அதில் கூரை கூரையாகவே இருந்தது.
சின்னறை காலியாக இருந்தது.
கதவு வெளிப்பக்கமாகத் திறக்க,
ஜன்னலடியில் ஒரு மேசை,
அறுபதுக்கு நூற்றிருபது சென்ரிமீற்றர்.
செலவு: கீல் மாற்ற ஒரு தச்சர், அரைநாள்.

"கட்ட வேண்டாம் என்று சொல்லவா
இவ்வளவு கொடுத்தோம்?"
இவர் தாளை மடித்தார். நான் விரித்தேன்.
சூட்கேஸ்கள் மேலே போயின.
தச்சரின் காசு என் கணக்கில் இருந்து.

கதவைச் சாத்திக்கொண்டு
முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் செய்யவில்லை.

ஞாயிறுகளில் இவர் டோர்ச்சோடு ஏணி ஏறுகிறார்.
என் தலைக்கு மேல் பலகை முனகுகிறது.
நடுவில் போய் நிமிர்ந்து நிற்பார் என்று தெரியும்.
"இரும்புக்கு மட்டும் எவ்வளவு என்றவள்?"
"நாலாயிரத்து எண்ணூறு."
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"வற்றோடயா?"